மார்கழியில் ஒரே நாளில் ஏரியும் காடும் சுற்றிப் பறவை பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டால், விடியலில் ஒரு புதர்க்காடு, பிறகு கரிக்கிலி ஏரி, பிற்பகலில் வேடந்தாங்கல் ஏரி. அவ்வளவு போதும்.

காட்டுக்கு முதலில் போகச் சொல்வது சும்மா இல்லை. சிறு பறவைகள் வெயில் ஏறியதும் அடங்கிவிடும். நன்மங்கலம் காப்புக்காட்டு ஓரத்தில் நின்றால் புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று விடாமல் ஓர் ஒலி வரும். அது கதிர்க்குருவி, வலசை வந்த விருந்தாளி. ஆளைக் காட்டாது, குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நிழலான தோப்பு கிடைத்தால் சருகுக்குள் ஆறுமணிக்குருவியைத் தேடுங்கள். விடியலிலும் அந்தியிலும் சொல்லிவைத்தாற்போல் கூவும்.

நாளின் பெரும்பகுதியை நான் கரிக்கிலிக்கே கொடுப்பேன். கூட்டம் குறைவு, தண்ணீரும் ஆழமில்லை. தட்டைவாயன் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு நீந்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போவது கலக்கிவிட்ட நீரில் மேலே வரும் நுண்ணுயிர்களைப் பின்னால் வருவது அலகால் அரித்துத் தின்னும். அலகின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போல வரிசை. ஊசிவால் வாத்தோ தலைகீழாகக் கவிழ்ந்து அடியில் மேயும். உள்ளான்கள்தான் வேண்டுமென்றால் தை, மாசியில் போங்கள். ஏரி தளும்பி நிற்கும்போது அவற்றுக்குக் கால் பதிக்கச் சேறு இருக்காது.

வேடந்தாங்கலில் இருப்பதெல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் நம்புகிறார்கள். கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நம் நாட்டுப் பறவைகள். குஞ்சு பொரிக்க இங்கே வருகின்றன. நத்தைக்குத்தியின் அலகை உற்றுப் பாருங்கள், நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். நத்தையின் ஓட்டை நொறுக்காமல், அலகு நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் உருவி எடுக்கும். இந்த மரங்களில் இத்தனை கூடுகள் இருப்பதற்கு ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பறவைகளைச் சுடவிடாமல் தடுக்கும் உரிமையை 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து அவர்கள் எழுத்தாகவே வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். படத்துக்காகக் கைதட்டியோ கல்லெறிந்தோ வாத்துக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பை ஒவ்வொரு வீண் பறத்தலும் தின்றுவிடுகிறது. கூட்டிலிருந்து நாரையை விரட்டினால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொத்தும். இதைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். சென்னைக்கு வர வாய்ப்பில்லை என்றால், பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரியிலிருந்தே கலந்துகொள்ளலாம். 15 நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் போதும்.