செட் மாத்திரையில் என்ன இருக்கிறது?

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 58 வயது. 25 வருடமாக அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை ஆலை) வேலை. இரண்டு முட்டும் வலி. ஒன்றரை வருடமாக ஜங்ஷனில் உள்ள மெடிக்கலில் ‘முட்டு வலிக்கு ஒரு செட்’ என்று வாங்கிச் சாப்பிடுகிறார். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கு வருகிறது. இப்போது கால் வீங்குகிறது, முகமும் ஊதிப்போயிருக்கிறது. கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நாளைக்கே நிறுத்தச் சொல்லட்டுமா?
— ஒரு மகள், திருவட்டாறு

பதில்: நாளைக்கே நிறுத்தச் சொல்லாதீர்கள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனை மருந்தகச் சன்னலுக்குப் பின்னால் நின்று வருடக்கணக்கில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான். உங்கள் அம்மா கையில் இருக்கும் காகிதக் கவர் எனக்கு நன்றாகத் தெரியும். அட்டையிலிருந்து கத்தரித்த நாலைந்து துண்டுகள். ஒன்றில் பெயரின் பாதி இருக்கும். காலாவதித் தேதி இருந்த துண்டு கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். கவரின் மேல் பேனாவால் ‘கா 1, இ 1’. அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது, தலைவலிக்கு வேறு டாக்டரிடம் போனால் அவருக்கும் தெரியாது. என் பயமெல்லாம் அங்கேதான்.

வழக்கமாக அதில் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி மாத்திரையும் ஒரு கேஸ் மாத்திரையும் இருக்கும். கேஸ் மாத்திரை வயிற்றைத்தான் ஓரளவு காக்கும், கிட்னியைக் காக்காது. கூடவே பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், ‘நல்ல மருந்து’ என்று பெயரும் வந்துவிடும். மாதக்கணக்கில் போனால் முகம் உருண்டு ஊதும், சுகர் ஏறும், எலும்பு வலுவிழக்கும்.

திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். கிட்னிக்கு மேல் தொப்பி போல அட்ரீனல் சுரப்பிகள் இரண்டு இருக்கின்றன. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அவைதான் சுரக்கும். வெளியிலிருந்து வாரக்கணக்கில் மாத்திரையாக வந்தால் அவை வேலையைக் குறைத்துவிடும். ஒரே நாளில் மாத்திரையை விட்டால் தளர்ச்சி, வாந்தி, பிரஷர் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்.

கிட்னி விஷயத்தில் பக்கத்து வீட்டார் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். அந்தப் பிரஷர் மாத்திரை எனலாப்ரில், டெல்மிசார்டன் வகையாக இருந்து, நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் கிட்னிக்கு இன்னும் பாரம். வயிற்றுப்போக்கு வந்த நாளில் இந்த மூன்றும் உள்ளே இருந்தால் நல்ல கிட்னியே படுத்துவிடலாம். ஆனால் அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எதனால் வீக்கம் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், தைலம், கஷாயம், பொடி உட்பட, ஒரே பையில் போட்டுத் தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ போங்கள். கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சுகர், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பொடியை மறைக்காதீர்கள். ‘மூலிகை’ என்று விற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. தைலம் தேய்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. நாட்டு வைத்தியம்தான் வேண்டுமென்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

ஒருமுறை ஒரு அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து உதிர்த்துப் போட்டுக் கொண்டுவந்தார். “இது இல்லேன்னா அண்டி ஆபீஸ்ல எட்டு மணிக்கூர் குத்த வச்சு இருக்க முடியாது மக்களே” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் போகாத நாளில் அவருக்குக் கூலி இல்லை. உங்கள் அம்மாவுக்கும் அதே கஷ்டம்தானே? வலிக்கு வேறு வழி சொல்லாமல் ‘தொடாதே’ என்றால் உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவார்.

வேறு வழி இருக்கிறது. டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டில் தடவினால் மாத்திரையை விட மிகக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கும். அதையும் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது தொடைத் தசைக்கு வலு தரும். தரையில் இருக்கும் வேலையை உயரப் பலகையில் இருந்து செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பாராசிட்டமாலும் உதவும். ஆனால் அசிக்ளோஃபெனாக் அட்டைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது, சளி மாத்திரைகளிலும் உண்டு. காய்ச்சலுக்கு 650 தனியாகப் போட்டால் தெரியாமலே கூடிக்கொண்டே போய் ஈரலைப் பாதிக்கும்.

இனிமேல் மெடிக்கலில் முழு அட்டையாகக் கேளுங்கள், பில் கேளுங்கள். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

அம்மாவுக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ அன்றைக்கு ஓபி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்கே போங்கள், மருந்துப் பையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.