மாமியாரின் சுரூபமும் பத்துக் கட்டளையும்

கேள்வி: நான் பிராட்டஸ்டன்ட் குடும்பத்தில் வளர்ந்தவள். கணவர் வீட்டில் கத்தோலிக்கர்கள். மாமியார் தினமும் மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, மண்டியிட்டுச் செபமாலை சொல்கிறார், என்னையும் கூப்பிடுகிறார். விக்கிரகம் கூடாது என்று வேதம் சொல்கிறதே! அவர்களுடைய பத்துக் கட்டளைப் பட்டியலில் அந்தக் கட்டளையே இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார்களா? நான் என்ன செய்ய?

பதில்: முதலில் அந்தப் பட்டியல் விவகாரத்தை முடித்துவிடலாம். மாமியாரின் பைபிளை வாங்கி யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அவர்கள் அதை விடுதலைப் பயணம் என்பார்கள். விக்கிரகத்தைப் பற்றிய வசனம் அங்கேயும் இருக்கும். வேதத்தில் கட்டளைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடவில்லை. கத்தோலிக்கர்கள், பழங்காலச் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனார் வழியில், வேறு தெய்வம் கூடாது என்பதையும் விக்கிரகம் கூடாது என்பதையும் ஒரே கட்டளையாக எண்ணுகிறார்கள். கடைசியில் இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்குகிறார்கள். மனப்பாடத்துக்குச் சுருக்கும்போது விக்கிரக வரி விடுபட்டுப்போகிறது. பிராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரின் சிறிய ஞானோபதேசத்திலும் (விசுவாசப் பாடப் புத்தகம்) இதே கதைதான். லூத்தர் போப்பாண்டவருக்குப் பரிந்து பேசுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்! ஆனாலும் அந்த வரியை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுப்பது நல்ல யோசனை இல்லை என்பதுதான் என் எண்ணம். உங்களைப் போல் எத்தனையோ பேருக்குச் சந்தேகம் வந்ததற்கு அதுதான் காரணம்.

சரி, வேதம் எதைத் தடுக்கிறது? அதே புத்தகத்தின் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னால் இரண்டு கேருபீன்களை, அதாவது சிறகுள்ள தூதர்களின் உருவங்களை, செய்து வைக்கச் சொல்பவரும் கர்த்தர்தான். ஆகவே உருவம் செய்தாலே பாவம் என்று சொல்லிவிட முடியாது. எண்ணாகமம் 21-இல் மோசே வெண்கலச் சர்ப்பம் ஒன்றைச் செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறார். பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைக்கிறார்கள். பல தலைமுறை கழித்து ஜனங்கள் அந்தச் சர்ப்பத்துக்கே தூபம் காட்டத் தொடங்கிவிட, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போடுகிறார் (2 இராஜாக்கள் 18). கடவுள் சொல்லிச் செய்த பொருள், உயிரைக் காப்பாற்றிய பொருள். அதற்கே அந்தக் கதி. மாமியார் இதன் முதல் பாதியைக் காட்டலாம், நீங்கள் இரண்டாம் பாதியைக் காட்டலாம். இரண்டுமே வேதத்தில் இருப்பதுதான்.

சபைகளும் இதில் ஒத்துப்போனதில்லை. பைசாந்தியப் பேரரசர்கள் சிலர் படங்களை அழித்தார்கள். 787-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், படங்களுக்கு வணக்கம் செலுத்தலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று தீர்மானித்தது. பிராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின்போது, 1524-இல், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து ஆலயங்களிலிருந்து சுரூபங்களை எடுத்துப்போட்டார்கள். இவ்வளவு காலமாக இழுபடுகிற வழக்கை உங்கள் வீட்டு ஹாலில் வைத்துத் தீர்க்கவேண்டியதில்லை.

மாமியாரிடம் கேட்டால், மாதா எனக்காகப் பரிந்து பேசுகிறார், சுரூபம் அவரை நினைவுபடுத்துகிறது என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அவர்கள் திருச்சபையின் போதனையும் அதுதான். அவரை விக்கிரகாராதனைக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதற்காக நீங்கள் மண்டியிடவும் வேண்டாம். விசுவாசத்தோடு செய்யாதது எதுவும் பாவம் என்று ரோமர் 14 சொல்கிறது. உங்கள் மனம் ஒப்பாதபோது முழங்காலை மட்டும் மடக்குவதில் மாமியாருக்கும் லாபமில்லை.

செபமாலையில் பத்துப் பத்தாக வரும் மணிகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் கர்த்தர் கற்பித்த ஜெபம் வருகிறது. அது உங்களுக்கும் சொந்தம். "அத்தை, நானும் உங்களோடு உட்காருகிறேன். அந்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்கிறேன், மற்ற நேரம் அமைதியாக இருக்கிறேன். மாதாவிடம் வேண்ட எனக்குப் பழக்கமில்லை, மனசும் ஒப்பவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஆனால் அவர் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அப்புறம், மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்கவேண்டாம். இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மத்தியானம் போதும்.