ஆடிஷனுக்குப் போகிறீர்களா? கேள்வி பதில்

ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்துக்கு ஒரு தன்னார்வக் குழு ஆள் தேடுகிறது. அதற்குத் தயாராகிறவர்களின் கேள்விகள் இவை. தேர்வு மேசைக்குப் பின்னால் பல முறை உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாயகன் பெனடிக் பாத்திரத்துக்கு முயல்கிறேன். தனிவசனம் ஒன்று தயார் செய்யச் சொல்கிறார்கள். அவன் பேசுவதையே எடுக்கலாமா சார்?

பதில்: அறிவிப்பில் தடை இல்லையென்றால் தாராளமாக எடுக்கலாம். இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி, தோட்டம். அதில் அவனுக்கு இரண்டு நீளப் பேச்சுகள் உண்டு. காதலிப்பவர்களைக் கிண்டல் செய்யும் முதல் பேச்சைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் இரண்டாவதை எடுங்கள். எப்போதும் அவனோடு வாய்ச்சண்டை போடும் பியாட்ரிஸ் தன்மேல் உயிராக இருக்கிறாள் என்று நண்பர்கள் வேண்டுமென்றே பேசுவதை ஒளிந்து கேட்டுவிட்டு வெளியே வருகிறான். கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவன், தனக்குத்தானே வாதாடி ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறான். ஒவ்வொரு நியாயமும் அந்த நொடியில்தான் அவனுக்குத் தோன்ற வேண்டும். மனப்பாடம் ஒப்பித்தால் காட்சி செத்துவிடும். தேர்வாளர்களின் கண்ணைப் பார்த்துப் பேசாதீர்கள், அவர்களுக்கும் சங்கடம். தலைக்குச் சற்று மேலே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிரிப்புக்காக நிறுத்தவும் வேண்டாம். காலை முதல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: மேடை அனுபவமே இல்லை. வரலாமா?

பதில்: வாருங்கள். ஒத்திகைக்கு வர முடியாத நாட்களை மட்டும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பாத்திரம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களால்தான் குழுக்கள் உடைகின்றன.

கேள்வி: 1993-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

பதில்: போதாது. பிரதியைப் படியுங்கள்.

கேள்வி: பியாட்ரிஸ் ஆண்களை வெறுப்பவள். முதல் வரியிலிருந்தே சீறலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. நாடகத்தில் அவள் வாயைத் திறந்ததும் கேட்பதே, போரிலிருந்து பெனடிக் திரும்பிவிட்டானா என்பதைத்தான். அதையும் பட்டப்பெயர் வைத்துக் கேட்கிறாள். வெறுப்பவள் இப்படியா விசாரிப்பாள்?

கேள்வி (வேறொருவர்): குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். பெனடிக் முன்பு தன் மனத்தைப் பொய்ப் பகடை உருட்டி வென்றான் என்று இரண்டாம் அங்கத்தில் அவளே சொல்கிறாளே? கோபம் நியாயம்தானே?

பதில்: நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் அது காயம். காயம்பட்டவள் சிரித்துப் பேசி மறைக்கிறாள். அவனை வாயால் மடக்குவது அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் மேடையில் தெரிய வேண்டும்.

கேள்வி (முதலாமவர்): அப்படியானால் நான்காம் அங்கத்தில், தன் உறவுப்பெண்ணை மணமேடையில் அவமானப்படுத்திய கிளாடியோவைக் கொல்லும்படி பெனடிக்கிடம் சொல்கிறாளே, அது கோபம் இல்லையா?

பதில்: கோபமேதான்! அதற்காகத்தான் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே சீறிவிட்டால் அங்கே ஏறுவதற்கு உயரம் ஏது? அதுவரை சிரிக்கவைத்தவள் அதைக் கேட்கும்போதுதான் அரங்கம் உறையும்.

கேள்வி: நான் இதுவரை நடித்ததில்லை. என்னைச் சேர்ப்பார்களா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். படிவம், தேதிகள்.

கேள்வி: எனக்கு 45 வயது. காதலனாக நடித்தால் சிரிப்பார்களா?

பதில்: பெனடிக்கின் வயதைப் பிரதி சொல்லவில்லை. கிளாடியோவுக்குத்தான் இளைஞர் தேவை. அப்புறம், சிரித்தால் நல்லதுதானே, நகைச்சுவை நாடகம்!

கேள்வி: காவலர் தலைவன் டாக்பெரிக்குக் கீச்சுக்குரல் போடலாமா?

பதில்: வேண்டாம். வில் கெம்ப் என்ற நகைச்சுவை நடிகருக்காக எழுதிய வேடம் அது. 1600-இல் அச்சான பிரதியில் ஒரு காட்சியில் டாக்பெரி பேசும் வரிகளுக்கு முன்னால் கெம்ப் என்ற நடிகர் பெயரே விழுந்திருக்கிறது. டாக்பெரி தன்னை மகா புத்திசாலி என்று நம்புகிறான். அவன் தப்பாகப் பயன்படுத்தும் சொற்களை முழுக் கம்பீரத்தோடு சொல்லுங்கள், சிரிப்பு தானாக வரும்.

கேள்வி: தாளைக் கையில் கொடுத்து இன்னொருவரோடு வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறேன்.

பதில்: தாளை நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். அடுத்து நீங்கள் பேச வேண்டிய வரியில் கட்டைவிரல் இருக்கட்டும். எதிராளி பேசும்போது தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். பாதிப் பேர் அந்த நேரத்தில் தங்கள் வரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பியாட்ரிஸும் பெனடிக்கும் ஒருவர் சொல்லைப் பிடித்துத்தான் மற்றவர் திருப்பி அடிக்கிறார்கள். கேட்காதவரால் அது முடியாது. தேர்வு மேசையில் நாங்கள் பெரும்பாலும் பேசாமல் நிற்பவரைத்தான் கவனிக்கிறோம்.

கேள்வி: முடிவு எப்போது தெரியும்?

பதில்: குழுவிடம் கேளுங்கள்.

கேள்வி: புதியவர்களுக்கு வாய்ப்பு உண்டா ஐயா?

பதில்: உண்டு, உண்டு. தேதிகளை எழுதுங்கள்.

கேள்வி (மீண்டும் முதலாமவர்): பியாட்ரிஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை இன்னும் ஏற்க முடியவில்லை.

பதில்: ஏற்க வேண்டாம். உங்கள் விதத்திலேயே வாசியுங்கள். இயக்குநர் நிறுத்தி வேறு மாதிரி செய்யச் சொன்னால், விவாதிக்காமல் உடனே மாற்றிக் காட்டுங்கள். மாற முடிகிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் அப்படிக் கேட்பார்கள்.