சளியை அடியோடு நிறுத்த மாத்திரை உண்டா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. ஆறு மாதமாகத் தொண்டையில் சளி கட்டிக்கொண்டே இருக்கிறது, இருமலும் உண்டு. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் காறித் துப்பினால்தான் குரலே வரும். சில நாள் மஞ்சளாக, சில நாள் பசை மாதிரி நூல் நூலாக. சளி வற்றட்டும் என்று தினமும் ராத்திரி அலர்ஜி மாத்திரை போடுகிறேன். பாலை விட்டுவிட்டேன். சிகரெட் நாளைக்கு ஐந்தாறுதானே. இப்போது எப்போதாவது மலத்திலும் சளி மாதிரி தெரிகிறது. உடம்பு முழுக்கச் சளி ஏறிவிட்டதா? இதை அடியோடு நிறுத்த வழி உண்டா? சளியில் ஏதோ புரதம் இருக்கிறதாமே, அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறதா?

பதில்: அடியோடு நிறுத்த வழி இல்லை, இருந்தாலும் எழுதித் தரமாட்டேன். எலிகளில் செய்து பார்த்தார்கள். மூச்சுக்குழாய்ச் சளியின் முக்கியமான புரதத்துக்கு மியூசின் 5பி என்று பெயர், அந்த ஒரு மரபணுவை மட்டும் நீக்கினார்கள். 2014ல் வெளியான அந்த ஆய்வில் எலிகள் சளி இல்லாமல் சுகமாக ஒன்றும் இருக்கவில்லை. நுரையீரலிலும் நடுக்காதிலும் கிருமி தங்கி, பல எலிகள் சீக்கிரமே செத்துப்போயின.

உங்கள் தொல்லை சளி சுரப்பதால் வருவது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதில் தண்ணீர் குறைந்துபோனதால் வருகிறது. மூக்கில் இருந்தால் சளி, நெஞ்சில் இருந்தால் கோழை, மலத்தில் வந்தால் சீதம் என்று நாம் மூன்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்றும் ஒரே குடும்பத்துப் புரதங்களால் ஆனவை, அவற்றுக்குத்தான் மியூசின் என்று பெயர். நல்ல நிலையில் இருக்கும் மூச்சுக்குழாய்ச் சளியில் நூற்றுக்கு 97, 98 பங்கு வெறும் தண்ணீர். மிச்சத்தில் உப்பு, வேறு சில புரதங்கள், மியூசினோ ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளி மியூசின்தான் அவ்வளவு தண்ணீரையும் பிடித்து ஜெல்லாக நிறுத்தி வைக்கிறது.

எப்படி என்றால், புட்டி கழுவும் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுக்கம்பிதான் புரதம். அதில் செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரைச் சங்கிலி முளைத்து நிற்கிறது, அதுதான் நார். மொத்த எடையில் பாதிக்கு மேல் இந்தச் சர்க்கரைதான் (இனிப்புச் சர்க்கரையை நினைத்துக்கொள்ளாதீர்கள், சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). நார்களின் நுனியில் சயாலிக் அமிலம் இருக்கும், எதிர்மின்னூட்டம் கொண்டது. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் நார்கள் விறைத்து நிற்கின்றன, இடையில் தண்ணீர் தங்குகிறது. கம்பியின் இரண்டு முனைகளிலும் சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலம் நிறைய, அதில் உள்ள கந்தகம் அடுத்த கம்பியின் கந்தகத்தோடு கைகோத்துக்கொள்ளும். இப்படிக் கோத்துக் கோத்து நீள்வதால்தான் விரலிடுக்கில் எடுத்தால் நூலாக இழுபடுகிறது. முடியைச் சுருட்டவும் நேராக்கவும் பார்லரில் உடைத்து ஒட்டுகிறார்களே, அதே கந்தகப் பிணைப்புதான்.

இந்தப் பிரஷ்கள் செல்லுக்குள் இருக்கும்போது கால்சியத்தாலும் அமிலத் தன்மையாலும் இறுக்கி மடித்து வைக்கப்பட்டிருக்கும். வெளியே வந்ததும் பைகார்பனேட் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்ள, மியூசின் தண்ணீரை உறிஞ்சிச் சில நொடிகளில் நூறு மடங்குக்கும் மேல் உப்புகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற பிறவி நோயில் குளோரைடையும் பைகார்பனேட்டையும் வெளியே விடும் கதவு பழுதாகிவிடும், மியூசின் சரியாக விரியாமல் கோந்தாகவே நிற்கும். புரதத்தில் குறை இல்லை, அதைச் சுற்றி இருக்க வேண்டிய உப்பும் நீரும்தான் இல்லை.

உங்களிடமும் சின்ன அளவில் அதுவே நடக்கிறது. சளிப் படலத்துக்குக் கீழே நீர்மையான ஓர் அடுக்கில் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்து, சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமல் நாள் முழுக்க விழுங்கிவிடுகிறோம். சளியில் திடப்பொருள் 2 சதவீதத்தில் இருந்து 7, 8 என்று ஏறினால் அது கீழ் அடுக்கின் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நுண்மயிர்கள் மடங்கி நசுங்கும், சளி நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காறிக் காறித்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு மேல் சிகரெட். புகை நுண்மயிரை மந்தமாக்குகிறது, மியூசின் சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது, தண்ணீரையும் குறைக்கிறது, மூன்றையும் ஒரே நேரத்தில். ஐந்தாறுதானே என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த "தானே"வை நான் ஏற்கவில்லை. அதோடு அந்த அலர்ஜி மாத்திரை. தூக்கம் வரவழைக்கும் பழைய வகையாக இருந்தால் அது சுரப்பிகளின் நீரைத்தான் குறைக்கும், மியூசினை அல்ல. ராத்திரி போட்டுவிட்டு வாயால் மூச்சு விட்டுத் தூங்கினால் காலையில் பசைதான் மிஞ்சும். உண்மையில் உங்களுக்கு அலர்ஜி இருந்தால் வேறு வகை மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எல்லாம் இருக்கிறது, அதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மஞ்சளாக, பச்சையாக வந்தாலே ஆன்டிபயாட்டிக் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பச்சை பெரும்பாலும் நம் வெள்ளை அணுக்களுடையது, அவற்றுக்குள் இருக்கும் இரும்பு கலந்த ஒரு நொதியின் நிறமே பச்சை. சண்டை நடக்கிறது என்று அது சொல்லும், எதிரி வைரஸா பாக்டீரியாவா என்று சொல்லாது. செத்த வெள்ளை அணுக்களின் டிஎன்ஏ சளியில் கலந்தால் இன்னும் கெட்டியாகும், அது வேறு கதை.

பாலைத் தாராளமாகக் குடியுங்கள். 1990ல் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த ஆய்வு ஒன்றில் தன்னார்வலர்களுக்கு ஜலதோஷ வைரஸைக் கொடுத்து, மூக்குச் சளியை எடைபோட்டார்கள். குடித்த பாலுக்கும் வந்த சளிக்கும் தொடர்பு தெரியவில்லை. பாலும் எச்சிலும் கலந்து கொஞ்ச நேரம் தொண்டையில் கெட்டியாகப் படர்வதை நாம் சளி என்று எண்ணிவிடுகிறோம். நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் சளி இளகும் என்பதும் அப்படித்தான். உடம்பு வறண்டுபோகாமல் இருந்தால் போதும், மேற்கொண்டு குடிப்பது சிறுநீராகத்தான் போகும். சளியின் ஈரத்தைத் தீர்மானிப்பது அந்தந்த இடத்துச் செல்கள். அதனால் நேராக அங்கே உப்புநீர் போவது உபயோகம்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலந்த உப்புநீரால் மூக்கைக் கழுவலாம், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லி நெபுலைசரில் சலைன். அசிடைல்சிஸ்டீன் மாத்திரை கந்தகப் பிணைப்பை உடைக்கும் என்பது சோதனைக் குழாயில் அழகாகத் தெரிகிறது, விழுங்கினால் சொற்பமே சளி வரை போகிறது. சிலருக்குப் பலன் உண்டு, ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

பயிற்சிக் காலத்தில் ஓர் ஆஸ்துமா சிறுவனின் அம்மா "புழு வந்துவிட்டது" என்று அலறிக்கொண்டு ஒரு துண்டை நீட்டினார். வெள்ளையாக, ரப்பர் மாதிரி, நுனியில் இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது. புழு இல்லை, மூச்சுக்குழாயின் அச்சு. ஆஸ்துமாவில் மியூசின் 5ஏசி என்ற இன்னொரு வகை ஏகமாகச் சுரந்து குழாய்ச் சுவரை விடாமல் ஒட்டிக்கொள்ளும். வீசிங், மூச்சு இறுக்கம் இருந்தால் சொல்லுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

மலத்தில் தெரிவது நெஞ்சுச் சளி இறங்கி வந்தது இல்லை. விழுங்கும் சளி வழியிலேயே செரித்துவிடும். பெருங்குடலுக்குச் சொந்தமாக மியூசின் 2 இருக்கிறது, அது வலை வலையாகப் பின்னிக் குடல் சுவரை ஒட்டிக் கிருமி நுழையாத ஓர் அடுக்கைப் போட்டு வைக்கிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற குடல் புண் நோயில் அந்த அடுக்கு மெலிந்து கிருமிகள் சுவர் வரை வந்துவிடும். எப்போதாவது கொஞ்சம் சீதம் தெரிவது சகஜம். ரத்தம் கலந்தால், எடை குறைந்தால், ராத்திரியில் மலம் கழிக்க எழ வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை? உங்கள் சளிக்கு அப்படி ஒன்று கிடையாது. சிஏ 125, சிஏ 15-3 என்று லேப் பட்டியலில் பார்த்திருப்பீர்கள், இரண்டும் மியூசின்கள்தான், ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பின்தொடர உதவுபவை. நீங்களாக எடுத்து வீணாகப் பயப்படாதீர்கள்.

உங்களுக்குத் தேவை நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, காசநோய்க்கான சளிப் பரிசோதனை. ஆறு மாத இருமலை இந்த மூன்றும் இல்லாமல் விட முடியாது. ரத்தம் வந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ இந்த வாரமே போங்கள். பரிசோதனைக்குச் சளி கொடுக்கும்போது காலையில் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சில் இருந்து இருமி எடுங்கள். பாதிப் பேர் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருகிறார்கள்.