தோட்ட வரைபடங்களும் ஆள்கூறுகளும்: மலையக எண்ணிமச் சேகரங்கள் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி (அட்டன், பாடசாலை நூலகர்): பழைய தோட்ட வரைபடங்களை ஸ்கேன் செய்து ஜேபெக் கோப்புகளாக எண்ணிமக் களஞ்சியத்தில் சேர்த்தால் போதுமா?

பதில்: பார்வைக்குப் போதும், பாதுகாப்புக்குப் போதாது. தரம் குறையாத டிஃப் கோப்பை மூலப்படியாக வைத்துக்கொண்டு, வாசகருக்கு ஜேபெக்கை வழங்குங்கள். வரைபடத்தின் ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். அளவுத்திட்டமும், நில அளவையாளர் ஒப்பமிட்ட திகதியும், ஏக்கர், ரூட், பேர்ச் எனக் குறித்த பரப்புப் பட்டியலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி (பதுளை, பல்கலைக்கழக மாணவி): எனக்குக் கிடைத்த தோட்டப் பிரிவு எல்லைகளைத் திறந்தால், அவை இலங்கைக்குத் தென்மேற்கே கடலில் விழுகின்றன. கோப்பு பழுதடைந்ததா?

பதில்: பெரும்பாலும் பழுது கோப்பில் இல்லை, எந்த ஆள்கூற்று முறையில் அளந்தார்கள் என்ற குறிப்புத்தான் தொலைந்திருக்கும். கந்தவளை ஆதாரத்தில் (அளவீட்டுக்கு அடிப்படையான புவி மாதிரி) அமைந்த பழைய தேசியக் கட்டம் (ஆள்கூற்று வலை), 1999ஆம் ஆண்டின் புதிய கட்டம் ஆகிய இரண்டுக்குமே தொடக்கப் புள்ளி நம் பீதுருதாலகால மலைதான். ஆனால் அந்தப் புள்ளிக்குப் பழைய கட்டம் கிழக்காகவும் வடக்காகவும் 200,000 மீட்டர் என்று மதிப்பளிக்க, புதியது 500,000 என்கிறது. ஆகவே பழைய எண்களைப் புதிய கட்டத்தில் வாசித்தால் தோட்டம் மேற்கே 300 கிலோமீட்டரும் தெற்கே 300 கிலோமீட்டரும் நகர்ந்துவிடும். வெறுமனே 300,000ஐக் கூட்டித் திருத்த முற்படாதீர்கள். இரண்டின் ஆதாரங்களும் வேறு என்பதால் பிழை எஞ்சும். ஆள்கூற்று முறைகளுக்கான ஈபிஎஸ்ஜி எண்களில் பழைய கட்டத்தின் எண்ணான 5234 என்று அடையாளப்படுத்திய பின்னர், மென்பொருளைக் கொண்டே புதிய கட்டத்தின் எண்ணான 5235க்கு மாற்றுங்கள். இத்தகைய எல்லைகளைச் சேமிக்கும் ஷேப் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளின் தொகுதி. மின்னஞ்சலில் அனுப்பும்போது, ஆள்கூற்று முறையைக் குறித்துவைக்கும் பிஆர்ஜே கோப்பு விடுபடுவதே இத்தகைய குழப்பங்களுக்குப் பெருங்காரணம். களஞ்சியத்துக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும் ஜியோபேக்கேஜையே நான் பரிந்துரைப்பேன். ஈபிஎஸ்ஜி எண்ணை மீதரவிலும் (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பு) எழுதிவையுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியர்): தமிழில் இட்ட நிரல் தலைப்புகள் ஷேப் கோப்பில் அறுந்துபோகின்றன. ஏன்?

பதில்: அங்கே நிரல் தலைப்புக்கு இடம் 10 பைட் மட்டுமே, யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டை எடுத்துக்கொள்வதால், ‘தோட்டம்’ என்பது ‘தோட’ என்று நின்றுவிடும். ஜியோபேக்கேஜில் இந்தத் தடை இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பட்டியல்களை முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். பதிவேட்டிலுள்ள தோட்டப் பெயரையும், தொழிலாளர் வழங்கும் பெயரையும் தனித்தனி நிரல்களில் தாருங்கள். பாட்டி சொன்ன பெயரைக் கொண்டு தேடுகிறவருக்கும் அந்த இடம் அகப்பட வேண்டும்.

கேள்வி (நுவரெலியா, நூலக உதவியாளர்): புதிய அளவீடு வந்ததும் பழைய கோப்பை நீக்கிவிடலாமா?

பதில்: கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) புதைத்தது. அத்தகைய இடங்களில் வீடுகள் எங்கிருந்தன என்பதற்குச் சரிவுக்கு முந்தைய வரைபடமே சாட்சி. புதியதைத் தனிப் பதிவாகச் சேர்த்து இரண்டையும் இணையுங்கள்.