காலருக்குள் தைத்த துணிச்சீட்டு: வாசகர் கேள்வி–பதில்

உலகமயமாக்கல் அன்றாட வாழ்வில் என்ன செய்திருக்கிறது என்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ‘உலகமயமாக்கல் நன்மையா, தீமையா’ என்ற தலைப்பில் பேச வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்ல முடியுமா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: எந்தப் பக்கம் நின்றாலும் உங்களுக்குச் சான்றுகள் குறையாது. ஆனால் பேசத் தொடங்குமுன் உங்கள் உடையின் காலருக்குள் தைத்திருக்கும் சிறிய துணிச்சீட்டை ஒருமுறை பாருங்கள். இதை எழுதும்போது நான் அணிந்திருக்கும் சட்டையிலும் அது இருக்கிறது. விரல்நுனி அகலம், ஓரம் கொஞ்சம் பிரிந்து கழுத்தை உறுத்துகிறது. அதில் ஒரே ஒரு நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் துணியைத் தைத்து முடித்த இடத்தைக் குறிக்குமே தவிர, பருத்தி விளைந்த மண்ணையோ, நூல் நூற்ற ஆலையையோ, சாயமேற்றிய தொட்டியையோ, அந்தச் சாயக்கழிவு கலந்த ஆற்றையோ குறிப்பதில்லை. சட்டை என் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தது. அதற்காகக் கொடுக்கப்பட்ட மற்ற விலைகள் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மனிதர்களிடம் வசூலிக்கப்பட்டுவிட்டன.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: உலக வணிகத்தின் நன்மை கோடிக்கணக்கானவர்களுக்குச் சிறுசிறு தொகையாகப் பிரிந்து போய்ச் சேருகிறது, அதன் இழப்போ ஓர் ஆலையின் வாசலில், ஒரு தெருவின் மேல், ஒரு குடும்பத்தின் தலையில் மொத்தமாக விழுகிறது. பரவிக் கிடக்கும் நன்மையை யாரும் நன்மை என்று உணர்வதில்லை. குவிந்து விழும் இழப்பை விலைச்சீட்டு காட்டுவதில்லை. இரு தரப்பாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு மனிதர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் பெற்றவர் யார், கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். நடுவர்கள் எப்படி மதிப்பெண் போடுவார்களோ தெரியாது. கேட்பவர்களுக்கு விஷயம் புரியும்.

கேள்வி: பக்கத்து ஊரில் செய்த பொருளைவிடக் கடல்கடந்து வந்த பொருள் மலிவாக இருப்பது எப்படி? கப்பல் கூலி என்று ஒன்று இல்லையா? (ஓய்வுபெற்ற கணக்கர்)

பதில்: இருக்கிறது, ஆனால் ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் அது மிகச் சிறிய தொகையாகிவிடுகிறது. குறைந்த கூலியும் பெரிய அளவிலான உற்பத்தியும் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது சரிதான். ஆயினும் அந்த இரண்டையும் பயன்படுத்திக்கொள்ள வழி திறந்துவிட்டது ஓர் இரும்புப் பெட்டி என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம்.

முன்பெல்லாம் துறைமுகத்தில் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என ஒவ்வொன்றையும் ஆட்கள் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். ஒரு கப்பல் கரையில் நாள்கணக்கில் காத்து நிற்கும். அமெரிக்காவில் லாரி நிறுவனம் நடத்திவந்த மால்கம் மெக்லீன், 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் சரக்கை உள்ளே அடைத்து அப்படியே தூக்கி ஏற்றும் 58 பெரிய பெட்டிகளை, அதாவது கன்டெய்னர்களை, நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆனது. இந்த முறையில் 16 சென்ட் அளவில் முடிந்தது.

ஒரு கன்டெய்னரை அருகில் நின்று பார்க்க வாய்த்தால் அதன் எட்டு மூலைகளையும் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் கனத்த எஃகு வார்ப்பு இருக்கும், அதில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். துளைக்குள் ஒரு கொண்டியை நுழைத்துத் திருப்பினால் பெட்டி பூட்டிக்கொள்ளும். கிரேனும் கப்பலும் லாரியும் ரயிலும் அந்தத் துளைகளைப் பிடித்துத்தான் பெட்டியைக் கையாளுகின்றன. மெக்லீனின் நிறுவனம் இதற்கான காப்புரிமையை விட்டுக்கொடுத்ததால்தான் 1960களில் உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகளை வகுக்க முடிந்தது. இன்று உலக வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 80 விழுக்காடு கடல்வழியே செல்கிறது. தங்கள் துறை கணக்கு என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெட்டியை ஏற்றும் செலவு சரிந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் துறைமுகங்களில் சுமைதூக்கிப் பிழைத்தவர்களின் வேலையும் சேர்ந்தே போயிற்று.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு. கிடங்கில் சரக்கைத் தேக்கிவைப்பது வீண்செலவு, தேவைப்படும் நாளில் வந்து சேர்ந்தால் போதும் என்று ஆலைகள் பழகிவிட்டன. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தபோது, நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்துக் கிடந்தன. மலிவு என்று நாம் வாங்கியதில் ஒரு பங்கு, இருப்பு வைக்காமல் மிச்சம்பிடித்த காசு.

கேள்வி: பதினேழு ஆண்டுகள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்த்தேன். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று சொல்லி ஒரே வாரத்தில் மூடிவிட்டார்கள். என் வேலையை எடுத்தவர்கள் யார்? அவர்களையாவது இந்த வேலை வாழவைக்குமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். வேலையைப் பறிகொடுத்த நிலையிலும் அதைப் பெற்றவர்களின் நலனைப் பற்றிக் கேட்க உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பூசி மெழுகாமல் பதில் சொல்வதுதான் மரியாதை.

உங்கள் வேலையை எடுத்தவரும் அநேகமாக உங்களைப் போன்ற ஒரு பெண்தான். ஆடைத் தொழிலுக்குத் தையல் இயந்திரமும் கைத்திறனும் போதும் என்பதால், பெரிய முதலீடு இல்லாமலே அதை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எளிதில் நகர்த்திவிடுகிறார்கள். எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டியிருந்த ஒப்பந்தமும் 2005 சனவரி 1 அன்று முடிவுக்கு வந்த பிறகு, ஆர்டர்கள் மிகக் குறைந்த கூலியைத் தேடி நகர்வதற்கு இருந்த தடைகளில் முக்கியமான ஒன்று நீங்கிவிட்டது.

வாழவைத்ததா என்றால், பலரை வாழவைத்தது என்றே சொல்ல வேண்டும். 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் கடும் வறுமையில் இருந்தார்கள்; 2015இல் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. வணிகம் மட்டுமே அதற்குக் காரணமன்று, எனினும் அதன் பங்கு பெரிது. 1988 முதல் 2008 வரையிலான உலக வருமானங்களை ஆராய்ந்த பிராங்கோ மிலனோவிச், கிறிஸ்டோப் லாக்னர் என்ற பொருளியலாளர்கள், ஆசிய நாடுகளின் நடுத்தட்டு மக்களும் உலகின் மிகப் பெரிய செல்வந்தர்களும் வெகுவாக முன்னேறியதையும், வசதியான நாடுகளின் கீழ்நடுத்தட்டுத் தொழிலாளர் வருமானம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றதையும் காட்டினார்கள்.

ஆனால் அந்த வேலை என்ன விலையில் கிடைத்தது என்பதற்கு வங்கதேசத்தின் சாவர் சாட்சி. அங்கே எட்டு மாடி ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல்மாடிகளின் ஆடை ஆலைகளோ மறுநாள் காலை வேலைக்கு வரச்சொல்லித் தொழிலாளர்களை வற்புறுத்தின. அன்றே கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி இருதரப்பையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன, ஆலைகள் ஆய்வுக்கு உள்ளாயின. கடல்கடந்து ஆர்டர் கொடுப்பவரையும் பொறுப்பில் சேர்க்க முடியும் என்பதை அந்த உடன்பாடு காட்டியது. முன்பே செய்திருக்கலாம்.

உங்கள் இழப்பை ஈடுகட்டுவது யார் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு நாடு தன் எல்லையைத் திறந்துவிட்டு மொத்தத்தில் இலாபம் பார்க்கிறது என்றால், அந்த இலாபத்திலிருந்து வேலையிழந்தவர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் கொடுத்தாக வேண்டும். இலாபத்தின் கணக்கைப் பேசும் அரசுகள் இந்தப் பங்கீட்டை விட்டுவிடுகின்றன. கொடுத்தாலும் அரைகுறையாகக் கொடுக்கின்றன. மூடும்போது உங்களுக்குச் சேரவேண்டிய நிலுவையும் பணிக்கொடையும் முழுமையாக வந்ததா என்பதைத் தொழிற்சங்கத்தின் வழியாக அவசியம் கேட்டறியுங்கள்.

கேள்வி: மருந்து விஷயத்தில் உலகமயமாக்கல் ஏழைக்கு உதவியதா, பணக்காரருக்கா? (மருந்தாளுநர்)

பதில்: ஒரே மருந்து இரண்டையும் செய்திருக்கிறது. 1995இல் உலக வணிக அமைப்பு தொடங்கியபோது, காப்புரிமை விதிகளும் அதன் உடன்படிக்கைகளில் ஒன்றாகி உறுப்பு நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தின; இந்தியா போன்ற வளரும் நாடுகளுக்கு மட்டும் சில ஆண்டு அவகாசம் இருந்தது. எய்ட்ஸ் நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டுமருந்துகளுக்கு 2000ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவானது. மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்து, அதே மருந்தை வேறு முறையில் செய்ய இடம்விட்ட 1970ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் கீழ் வளர்ந்த சிப்லா நிறுவனம், 2001இல் அதே சிகிச்சையை 350 டாலருக்குத் தர முன்வந்தது. பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு என்று அதே ஆண்டு நவம்பரில் தோகா நகரில் கூடிய உலக வணிக அமைப்பின் மாநாடு அறிவித்தது. மருந்தை எட்டாக்கனியாக்கிய விதியும் உலகளாவியது. கண்டம் தாண்டி மலிவு மருந்தைக் கொண்டுசேர்த்த வணிகமும் உலகளாவியது. விதி எழுதும் மேசையில் நோயாளியின் சார்பாக யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்பதே முடிவைத் தீர்மானித்தது.

கேள்வி: பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கினேன். பழையது எங்கே போகும்? (இளம் வாசகர்)

பதில்: நல்ல நிலையில் இருந்தால் துடைத்துச் சரிசெய்து இன்னொருவருக்கு விற்பார்கள், அது நல்ல முடிவு. இல்லையென்றால் உடைத்துச் செம்பு, தங்கம் போன்றவற்றைப் பிரிப்பார்கள். முறையான ஆலையில் செய்தால் ஆபத்து குறைவு. பல இடங்களில் வெறுங்கையால் உடைத்து, கம்பியின் பிளாஸ்டிக் உறையைத் திறந்தவெளியில் எரித்து, அமிலத்தில் முக்கி எடுக்கிறார்கள். ஈயமும் புகையும் அங்கே வாழும் குழந்தைகளின் உடம்பில் சேருகின்றன. ஆபத்தான கழிவைப் பெறும் நாட்டின் முன்அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது என்று 1989இல் பாசெல் உடன்படிக்கை உருவானது. 2025 சனவரி 1 முதல் மின்னணுக் கழிவு அனைத்துக்குமே, ஆபத்தானது என்று வகைப்படுத்தப்படாதவை உட்பட, அந்த முன்அனுமதி கட்டாயம். ஆயினும் ‘பழுதுபார்க்க அனுப்பப்படும் பழைய பொருள்’ என்று தாளில் எழுதி ஏற்றிவிட்டால், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கத் துறைமுகத்தில் ஆளும் நேரமும் கிடைப்பது அரிது. அடுத்த முறை கொடுக்கும்போது, பிரிப்பது எந்த ஆலை, அதற்கு உரிமம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.