பேச்சு வராத பிள்ளையின் யோசனையை எப்படி அளப்பது? கேள்வி பதில்

மதுரையிலும் சுற்று ஊர்களிலும் இருக்கும் பெற்றோர், ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பல வருடமாகச் சோதித்து வரும் உளவியலாளராகப் பதில் சொல்கிறேன்.

உசிலம்பட்டி, ஒரு அம்மா: மேடம், என் மகளுக்கு ஒன்பது வயசு. நாலு வார்த்தைதான் பேசுவா. ஐக்யூ டெஸ்ட்ல கேட்ட எதுக்கும் வாயே திறக்கலை. 'சோதிக்க இயலவில்லை'ன்னு எழுதிட்டாங்க. யோசிக்கவே தெரியாதுன்னு அர்த்தமா?

இல்லைம்மா. கேள்வியும் பேச்சு, பதிலும் பேச்சு என்றால் அவளுக்கு வராததை வைத்தே அவளை அளந்திருக்கிறார்கள். பேசாமலே செய்கிற சோதனை கேளுங்கள். செகுவின் பலகையில் பத்து மரக்கட்டைகளை அதனதன் பள்ளத்தில் போடச் சொல்வோம். மூன்று முறை செய்யவிட்டு, குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். வடிவம் தெரிகிறதா, கையும் கண்ணும் ஒத்துழைக்கிறதா என்று அதில் தெரியும். யோசனையைப் பார்க்க ரேவனின் வண்ணக் கட்டச் சோதனை இருக்கிறது. ஒரு துண்டு வெட்டியெடுத்த கோலம் மாதிரி படம் இருக்கும், கீழே ஆறு துண்டுகள். எது பொருந்தும் என்று விரலால் காட்டினால் போதும்.

மேலூர், சிறப்புப் பள்ளி ஆசிரியை: என் மாணவன் ரேவன் படச் சோதனையில் 36-க்கு 7 எடுத்தான். ஏழு கணக்கு புரிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள் டீச்சர். ஆறில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலே சராசரியாக 6 வந்துவிடும். மொத்தத்தை விட, எதை எதைக் காட்டினான் என்ற தாள்தான் முக்கியம். தொடக்கத்தில் வரும் எளிய படங்களில் சரியாகக் காட்டி, பிறகு தடுமாறினால் அந்தச் சரிகளுக்கு மதிப்பு உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் குருட்டாம்போக்கு.

என்னிடம் வந்த ஒரு பையன் பக்கத்துக்குப் பக்கம் வலது கீழ்மூலையையே தொட்டான். அவன் கை சும்மா கிடக்கிற இடம் அது! அதே சோதனையில், துண்டுகளைக் கையில் எடுத்துப் பொருத்துகிற பலகை வடிவத்தைக் கொடுத்தேன். ஒரு துண்டை வைத்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், யாரும் சொல்லாமல் தானே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தான். அப்படித் தானே எடுத்ததுதான் யோசனை. அறிக்கையில் மதிப்பெண்ணுக்கு முன்னால் அதைத்தான் எழுதினேன்.

திருமங்கலம், ஒரு அப்பா: ரேவன் சோதனைப் படங்கள் போனில் கிடைத்தன. வீட்டில் பழக்கட்டுமா?

தயவுசெய்து வேண்டாம் சார். மனப்பாடமாகிவிட்டால் பிள்ளையின் உண்மை நிலை யாருக்கும் தெரியாமல் போகும், வேண்டிய உதவியும் தள்ளிப்போகும். வீட்டில் பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், மறுபடி இரண்டு மல்லி... நிறுத்திவிட்டு, "அடுத்து எடு" என்று கையை நீட்டுங்கள். எடுக்கிறானா பாருங்கள்.

வாடிப்பட்டி, ஒரு தாத்தா: பேரனுக்கு ஐக்யூ போன வருஷம் 52, இப்போ 47. மிதமான குறைபாடுன்னு மாத்திட்டாங்க. அறிவு குறையுதாம்மா?

ஐயா, ஐந்து புள்ளி ஏறி இறங்குவது சோதனையின் இயல்பு. 50-லிருந்து 69 வரை லேசானது, 35-லிருந்து 49 வரை மிதமானது என்று பிரித்திருப்பதால் தாளில் பெயர் மாறியிருக்கிறது. இரண்டு முறையும் ஒரே சோதனைதானா என்று கேளுங்கள். ஆனால் முன்பு தானே சட்டை போட்டவன் இப்போது போடுவதில்லை, வலிப்பு கூடியிருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

உசிலம்பட்டி அம்மா மறுபடியும்: மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இந்தப் படச் சோதனை மட்டும் போதுமா?

போதாதும்மா. சாப்பிடுவது, குளிப்பது, கடைக்குப் போவது போன்றவற்றை வைன்லேண்ட் அளவுகோலில் உங்களிடம் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும் என்பதற்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முதல் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு கூட்டி வராதீர்கள். சாப்பிட வைத்து, கண்ணாடி இருந்தால் மாட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் வாருங்கள்.